கயலுக்கு, தீவுக்குக் கிளம்பும் முன்

அன்பு மகள் கயல்விழிக்கு,

ஈஸ்டர் தீவுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன் என்று நீ போனில் சொன்னதில் இருந்து வீட்டில் அதே பேச்சுதான். அம்மாவுக்கும் எனக்கும் ரொம்ப சந்தோஷம். ஆனால் பேச்சோடு பேச்சாக நீ இன்னொன்றும் சொன்னாய். "சிலை சிலைன்னு இருந்த மரத்தை எல்லாம் வெட்டி, கடைசியில அடிச்சுக்கிட்டு அழிஞ்சுபோன ஜனங்கப்பா அவங்க" என்றாய். உன்னைக் குற்றம் சொல்லவில்லை. உலகம் பூராவும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது. எனக்கு அந்தப் பேச்சு மனசுக்கு ஒப்பவில்லை. போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன். சிலியின் சாந்தியாகோவில் இருந்து அங்கே போக ஐந்தரை மணி நேரம் ஆகுமே, அப்போது பொறுமையாகப் படி.

முதலில், அவர்கள் அழியவே இல்லை. நீ போய் இறங்கும் விமான நிலையத்தில் பூமாலையோடு நிற்பவர்கள் அந்தச் சிலைகளைச் செய்தவர்களின் வாரிசுகள்தான். தீவை அவர்கள் ராப்பா நுய் என்கிறார்கள், தங்களையும் அதே பேரால்தான் சொல்லிக்கொள்கிறார்கள். அவர்கள் மொழி இன்னும் பேசப்படுகிறது. பிப்ரவரி மாதம் தபாத்தி என்று பெரிய திருவிழா நடக்கிறது. 2017இல் இருந்து தேசியப் பூங்காவை, அதாவது சிலைகள் இருக்கும் இடங்களை, மாவு ஹெனுவா என்கிற அவர்களுடைய சொந்த அமைப்பே நிர்வகிக்கிறது. அழிந்துபோன இனம் டிக்கெட் கொடுத்துக்கொண்டு வாசலில் நிற்குமா?

துறைமுகத்தில் பாரம் ஏற்றி இறக்கும் வேலையிலேயே என் காலம் போனது உனக்குத் தெரியும். அதனால் இந்தச் சிலைகளைப் பற்றி யார் பேசினாலும் என் புத்தி முதலில் எடைக்குத்தான் போகும். மோவாய் என்பது அந்தச் சிலைகளுக்கு அவர்கள் வைத்த பேர். சராசரியாக ஒரு மோவாய் 4 மீட்டர் உயரம், பன்னிரண்டு பதின்மூன்று டன் எடை. இப்படித் தொள்ளாயிரத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். செய்து முடித்த சிலைகளைக் கல்மேடைகளில் ஏற்றி நிறுத்துவார்கள். அப்படி ஏற்றியதிலேயே உயரமானது பாரோ என்கிற சிலை. கிட்டத்தட்ட 10 மீட்டர், எண்பது டன் வரும் என்கிறார்கள். தீவின் மொத்தப் பரப்பு சுமார் 164 சதுர கிலோமீட்டர். பக்கத்தில் மனிதர்கள் வாழும் ஊர் என்றால் பிட்கேர்ன் தீவு, அதுவே 2,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இரும்பு இல்லை, மாடு இல்லை, குதிரை இல்லை, சக்கரமும் இல்லை. கல்லைச் செதுக்கவும் கல்தான்.

ரானோ ரராக்கு என்ற எரிமலைச் சரிவுக்கு உன்னை எப்படியும் கூட்டிப்போவார்கள். அங்கே அவசரப்படாதே. தீவின் சிலைகளில் பெரும்பாலானவை அந்த ஒரே மலையில் வெட்டியவைதான். எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான கல், வெட்டுவதற்குக் கொஞ்சம் இளகிக் கொடுக்கும். டோக்கி என்னும் கருங்கல் உளியால் முகத்தையும் உடம்பின் முன்பக்கத்தையும் பாறையிலேயே முடித்துவிடுவார்கள். கடைசியில் முதுகுப் பக்கம் ஒரு மெல்லிய வரப்பு மட்டும் மலையோடு ஒட்டியிருக்கும். அதையும் அறுத்தால் சிலை தனியாக வந்துவிடும். கயிற்றில் பிடித்துச் சரிவில் இறக்கி, கீழே குழியில் நிறுத்தி, அப்புறம் முதுகை முடிப்பார்கள். கிட்டத்தட்ட நானூறு சிலைகள் இன்னும் அங்கேயே இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு கட்டத்தில். சுமார் 21 மீட்டர் நீளத்தில் ஒன்று பாறையிலேயே படுத்திருக்கிறது. அதை எழுப்பி நிறுத்தும் எண்ணம் இருந்ததா இல்லையா என்று அறிஞர்கள் வாதாடுகிறார்கள். என்னைக் கேட்டால் இருந்தது என்பேன். அந்த மலையில் வேலை பார்த்தவர்களுக்குப் பயம் என்று ஒன்று இருந்ததாகவே தெரியவில்லை.

வெறும் தலைகள் என்று எல்லோரும் நினைக்கிறார்களே, அவற்றுக்கும் மண்ணுக்குள் முழு உடம்பு இருக்கிறது. மலைச்சரிவின் மண் நூற்றாண்டுக் கணக்கில் வழிந்து வந்து தோள்வரை மூடிவிட்டது. ஜோ ஆன் வான் டில்பர்க் என்ற அம்மையாரின் குழு தோண்டிப் பார்த்தபோது மண்ணுக்குள் இருந்த முதுகில் படகு உருவங்கள் செதுக்கியிருந்தன. வெயிலும் மழையும் படாததால் கோடுகள் அப்படியே இருந்தன.

இப்போது எனக்கு உயிரான விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பாரத்தை எப்படி நகர்த்தினார்கள்? மரத்தை உருளையாகப் போட்டு உருட்டினார்கள், அதற்காகவே காட்டை அழித்தார்கள் என்றுதான் நீ படித்த கதை சொல்லும். தீவுக்காரர்களைக் கேட்டால், சிலைகள் நடந்து போயின என்பார்கள். கேட்டவர்கள் அதைப் புராணம் என்று ஒதுக்கிவிட்டார்கள். 1986இல் பாவெல் பாவெல் என்ற செக் நாட்டு இன்ஜினீயர் தீவுக்கே போய், நிஜச் சிலை ஒன்றை நிமிர்ந்த நிலையிலேயே கயிறு கட்டி ஆட்டி ஆட்டி நகர்த்திக் காட்டினார். அடிப்பாகம் சேதமாகிறது என்று சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். பிறகு டெர்ரி ஹன்ட், கார்ல் லிப்போ என்ற இரண்டு ஆய்வாளர்கள், மேடைக்குப் போய்ச் சேராமல் வழியில் விழுந்து கிடக்கும் சிலைகளை ஒவ்வொன்றாக அளந்தார்கள். அந்தச் சிலைகளின் அமைப்பே வேறு. அடிப்பாகம் அகலம், முன்விளிம்பு வளைவு, உடம்பு முன்பக்கமாகச் சாய்வு. மேடையில் அப்படியே நிறுத்தினால் குப்புற விழுந்துவிடும். போய்ச் சேர்ந்த பிறகு அடியைத் திரும்பச் செதுக்கித்தான் நேராக்கியிருக்கிறார்கள். அப்படியென்றால் அந்தச் சாய்வு பயணத்துக்காகவே வைத்தது.

அதே கணக்கில் 4.35 டன்னில் ஒரு மாதிரிச் சிலை வார்த்து, ஹவாயில் வைத்துச் செய்து பார்த்தார்கள். தலையில் இருந்து இடப்பக்கம் ஒரு கயிறு, வலப்பக்கம் ஒரு கயிறு, குப்புற விழாமல் இருக்கப் பின்னால் ஒரு கயிறு. இந்தப் பக்கம் இழுத்தால் சிலை ஒரு விளிம்பில் நிற்கும். மறுபக்க விளிம்பு தூக்கிக்கொள்ளும். முன்சாய்வு இருப்பதால் தூக்கிய பக்கம் தானாகவே ஓரடி முன்னால் போய் விழும். உடனே மறுபக்கம் இழுப்பு. பதினெட்டே பேர் சேர்ந்து 40 நிமிடத்தில் 100 மீட்டர் நடத்திவிட்டார்கள். அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. பார்க்கும்போதெல்லாம் சிலையை விட்டுவிட்டுக் கயிறு பிடிப்பவர்களைத்தான் பார்ப்பேன். அதில் பலம் இரண்டாம் பட்சம். தாளம் தப்பக்கூடாது, அதுதான் முக்கியம். ஒருவர் குரல் கொடுக்க, எல்லோரும் ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். பாரம் தூக்குகிறவன் எவனுக்கும் இது புரியும். தூக்கத் தொடங்கும்போதுதான் கஷ்டம். ஒரு தடவை ஆட்டம் பிடித்துவிட்டால் எடையே வேலையைச் செய்துகொடுக்கும்.

வழியில் விழுந்த சிலைகள் இன்னொன்றும் சொல்கின்றன. ஏற்றத்தில் விழுந்தவை பெரும்பாலும் மல்லாந்து கிடக்கின்றன, இறக்கத்தில் விழுந்தவை குப்புறக் கிடக்கின்றன. நிமிர்ந்து வந்த பாரம்தான் அப்படி விழும். எல்லா ஆய்வாளரும் ஒத்துக்கொண்டார்கள் என்று சொல்ல மாட்டேன். மரச் சறுக்கில் படுக்கவைத்து இழுத்தார்கள் என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் என் அனுபவத்துக்கு நடந்து வந்தது என்பதுதான் பொருந்துகிறது.

சில சிலைகள் தலையில் சிவப்பாக ஒரு பெரிய உருளை வைத்திருக்கும். புக்காவ் என்பார்கள். அது புனா பாவ் என்ற வேறொரு குன்றின் சிவப்பு எரிமலைக்கல். பல டன் இருக்கும் அதை நிற்கிற சிலையின் உச்சிக்கு எப்படி ஏற்றினார்கள் என்று 2018இல் ஓர் ஆய்வு வந்தது. மண்ணும் கல்லும் போட்டுச் சரிவு கட்டி, கயிற்றின் ஒரு முனையை மேலே கட்டி, உருளையைச் சுற்றிக் கொண்டுவந்து, மறுமுனையை மேலிருந்து இழுப்பது. பாதி பலம் போதும், உருளையும் பின்னால் நழுவாது. கிரேன் கிடைக்காத நாட்களில் பீப்பாய்களைச் சரிவுப் பலகையில் ஏற்றுவதற்கு நாங்கள் செய்த வேலை இதேதான். அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது கயல். எங்கேயோ கடல் நடுவில் இருந்தவர்களும் நாங்களும் கயிற்றை ஒரே மாதிரிதான் பிடித்திருக்கிறோம்.

சரி, மரத்துக்கு வருகிறேன். மரம் போனது உண்மை. கி.பி. 1200 வாக்கில் பொலினீசியர்கள், அதாவது பசிபிக் தீவுகளின் மக்கள், படகில் வந்து குடியேறியபோது தீவு முழுக்க ஒரு வகைப் பனைமரக் காடு இருந்தது. சில நூற்றாண்டுகளில் அது இல்லாமல் போனது. விவசாயத்துக்காக எரித்தார்கள், வெட்டினார்கள். படகோடு வந்த எலிகளும் விதைகளைத் தின்று தீர்த்தன. நல்லது நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் மரம் போனதோடு மனிதர்களும் போனார்கள் என்று முடிப்பதுதான் தப்பு. அவர்கள் கல்லை வைத்தே விவசாயம் செய்தார்கள். நிலத்தில் கற்களைப் பரப்பி, ஈரம் போகாமல், காற்று அறுக்காமல் காத்து, சர்க்கரைவள்ளிக் கிழங்கு வளர்த்தார்கள். வட்டமாகக் கல்சுவர் கட்டி அதற்குள் வாழை வைத்தார்கள். 2024இல் செயற்கைக்கோள் படங்களை வைத்து இந்தக் கல்தோட்டங்களைக் கணக்கிட்டவர்கள், அவற்றால் சுமார் 3,000 பேருக்குச் சோறு போட்டிருக்க முடியும் என்கிறார்கள். ஒரு காலத்தில் பதினைந்தாயிரம், இருபதாயிரம் பேர் இருந்து பிறகு அடித்துக்கொண்டு செத்தார்கள் என்ற கதைக்கு முதல் பாதியே இதில் அடிபட்டுப் போகிறது.

அதே 2024இல் இன்னொரு பெரிய சான்று வந்தது. பாரிஸ் அருங்காட்சியகத்தில் இருந்த, அந்தத் தீவைச் சேர்ந்த 15 பேரின் எலும்புகளில் இருந்து மரபணுவை எடுத்துப் படித்தார்கள். அந்தக் கதை சொல்கிற மாதிரி 1600களில் மக்கள்தொகை சரிந்திருந்தால் மரபணுவில் அதன் தடம் இருக்கும். அப்படி ஒரு தடமே இல்லை. 1860கள் வரை அவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருகித்தான் வந்திருக்கிறார்கள். இன்னொன்றும் தெரிந்தது. ஐரோப்பியர் வருவதற்கு வெகுகாலம் முன்பே, 1250க்கும் 1430க்கும் இடையில், தென் அமெரிக்கப் பழங்குடிகளோடு அவர்களுக்குக் கலப்பு நடந்திருக்கிறது. அத்தனை ஆயிரம் கிலோமீட்டர் கடலைக் கடந்து யாரோ யாரையோ பார்த்திருக்கிறார்கள். சர்க்கரைவள்ளிக் கிழங்கே அந்தப் பக்கத்துப் பயிர்தானே.

அப்படியானால் 1860களில் என்ன நடந்தது? இதை நீ கட்டாயம் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

முதலில் வந்த ஐரோப்பியர் ரோகவீன் என்ற டச்சுக் கப்பல் தலைவர். 1722 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. தீவுக்கு அந்தப் பேர் வந்தது அதனால்தான். சிலைகள் அப்போது நின்றன, முன்னால் தீ மூட்டி வணங்குகிறார்கள் என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். அவருடைய ஆட்கள் கரை இறங்கிய அன்றே சுட்டுப் பத்துப் பன்னிரண்டு பேரைக் கொன்றார்கள். 1774இல் ஜேம்ஸ் குக் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவர் வந்தபோது சில சிலைகள் விழுந்துகிடந்தன. பிறகு மேடைகளில் இருந்தவை எல்லாமே கவிழ்ந்தன. கூட்டத்துக்குக் கூட்டம் சண்டை வந்து ஒருவர் முன்னோரை இன்னொருவர் கவிழ்த்தார்கள் என்று தீவின் வழிவழிக் கதைகளே சொல்கின்றன. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சிலை கவிழ்ந்ததால் இனம் செத்துவிடவில்லை. இனத்தைச் சாகடித்தது 1862 டிசம்பரில் தொடங்கியது. பெருவில் இருந்து அடிமை பிடிக்கும் கப்பல்கள் வந்தன. சில மாதங்களில் சுமார் 1,500 பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், அரச குடும்பத்தாரும் கற்றறிந்தவர்களும் உட்பட. உலகம் முழுக்க எதிர்ப்பு கிளம்பியதும் மிஞ்சியவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். கப்பலிலேயே பெரியம்மை போட்டுப் பெரும்பாலானோர் இறந்தார்கள். உயிரோடு ஊர் திரும்பிய பதினைந்து பேரோடு அம்மையும் இறங்கியது. அப்புறம் காசநோய். 1877இல் தீவில் எண்ணியபோது இருந்தவர்கள் 111 பேர்.

நூற்றுப் பதினோரு பேர், கயல். நம் தெருவில் அதைவிட அதிகம் பேர் இருக்கிறார்கள்.

ரொங்கோரொங்கோ என்ற அவர்களுடைய எழுத்து மரப்பலகைகளில் பொறித்தது. படிக்கத் தெரிந்தவர்கள் அந்தக் கப்பல்களாலும் நோய்களாலும் போய்விட்டார்கள். இருபத்தைந்து முப்பது பலகைகள் உலகத்து அருங்காட்சியகங்களில் இருக்கின்றன, யாராலும் படிக்க முடியவில்லை. சிலை விழுந்தால் எடுத்து நிறுத்திவிடலாம். இதை என்ன செய்வது? எனக்கு இதை நினைத்தால் ஆறவே மாட்டேன் என்கிறது.

1888இல் சிலி தீவைச் சேர்த்துக்கொண்டது. பிறகு தீவு முழுக்க ஆட்டுப் பண்ணை ஆனது. வில்லியம்சன் பால்ஃபர் கம்பெனி 1953 வரை நடத்தியது. சொந்தத் தீவிலேயே அந்த மக்களை ஹங்கா ரோவா என்ற ஒரே ஊருக்குள் சுவர் கட்டி அடைத்துவைத்தார்கள். சிலி நாட்டுக் குடியுரிமையே 1966இல்தான் கிடைத்தது. இத்தனையும் நடந்த பிறகு, "மரம் வெட்டி அழிந்த முட்டாள் இனம், நாமும் அப்படி ஆகிவிடக்கூடாது" என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்த அவர்களையே உதாரணம் காட்டுவது எவ்வளவு பெரிய அநியாயம்! பட்டவர்கள் தலையிலேயே பழியைக் கட்டிவிட்டார்கள்.

1868இல் ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பல், தீவின் ஒரோங்கோ என்ற இடத்தில் ஒரு கல்வீட்டுக்குள் பாதி புதைந்திருந்த கருங்கல் சிலையை எடுத்துப்போனது. ஹோவா ஹக்கனானாயியா என்று பேர். லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. 2018இல் தீவின் கவர்னரும் பெரியவர்களும் அங்கே போய்க் கண்ணீரோடு திருப்பிக் கேட்டார்கள். இன்னும் வரவில்லை. ஆனால் நீ இருக்கும் சாந்தியாகோவில், இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் நூற்றைம்பது வருஷம் போல் இருந்த மோவாய் டாவ் என்ற சின்னச் சிலையை 2022இல் கப்பலேற்றித் தீவுக்கே அனுப்பிவிட்டார்கள். நல்ல காரியம் செய்தார்கள்.

போகும் இடத்தில் தொங்காரிக்கி என்ற மேடையைக் காலையிலேயே பார்த்துவிடு, சூரியன் சிலைகளுக்குப் பின்னால் எழும். பதினைந்து சிலைகள் ஒரே மேடையில் நிற்கும். 1960இல் சிலியில் பெரிய பூகம்பம் வந்தபோது எழுந்த ஆழிப்பேரலை, ஏற்கெனவே கவிழ்ந்திருந்த அந்தச் சிலைகளை உள்நிலத்துக்குத் தூக்கி எறிந்துவிட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் சிதறிக் கிடந்தன. ஜப்பானின் டடானோ கம்பெனி கிரேன் கொடுத்து உதவ, 1990களில் கிளாடியோ கிரிஸ்டினோ குழு திரும்ப நிறுத்தியது. அதில் ஒன்று 86 டன். கிரேனுக்கே மூச்சு வாங்கியிருக்கும் வேலையை முன்னோர்கள் கயிற்றால் செய்திருக்கிறார்கள் என்பதை அங்கே நின்று நினைத்துப் பார். சிலைகள் கடலுக்கு முதுகு காட்டி, ஊரைப் பார்த்துத்தான் நிற்கும். செத்துப்போன பெரியவர்கள் தங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. மேடைக்கு வந்த பிறகுதான் கண்குழி வெட்டுவார்கள். 1978இல் அனக்கேனா கடற்கரையில் தோண்டியபோது வெள்ளைப் பவளத்தில் செய்த ஒரு கண் கிடைத்தது. ஹங்கா ரோவா அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள், தவறவிடாதே.

எதையும் தொடாதே, மேடையில் கால் வைக்காதே. மேடைக்குள் அவர்களுடைய பெரியவர்களின் எலும்புகள் இருக்கின்றன. 2008இல் ஒரு சுற்றுலாப் பயணி நினைவுக்காக ஒரு சிலையின் காதையே உடைத்தான். 2022 அக்டோபரில் ரானோ ரராக்குவில் தீப்பிடித்துப் பல சிலைகள் கருகின. சாம்பல் கல், சூடு பட்டால் வெடிக்கும், மழைக்கும் கரைகிறது. இப்போது பெரும்பாலான இடங்களுக்கு உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் விட மாட்டார்கள். அது நல்லதுதான். ராப்பா நுய் குடும்பத்து ஆளாகப் பார்த்துப் பிடி, காசு கொஞ்சம் கூட ஆனாலும் பரவாயில்லை. அவர்கள் பாட்டன், பாட்டி கதையைக் கேள். உன் ஸ்பானிஷ் இப்போது நன்றாக வந்துவிட்டது என்றாயே.

காற்று பலமாக இருக்குமாம், தலைக்குக் கட்டிக்கொள்ள ஏதாவது எடுத்துப்போ என்று அம்மா சொல்லச் சொன்னாள். எனக்கு ஒரு உதவி செய். சிலை முகம் இன்டர்நெட்டில் எத்தனையோ கிடக்கிறது, அது வேண்டாம். ரானோ ரராக்குவில் இருந்து போகும் பழைய பாதையில் விழுந்து கிடக்கும் சிலை ஒன்றின் அடிப்பாகத்தை, சாய்வு தெரிகிற மாதிரி பக்கவாட்டில் இருந்து படம் எடு. பக்கத்தில் தள்ளி நின்று உன் உயரம் தெரிகிற மாதிரி இன்னொன்று. இரண்டையும் வாட்ஸ்அப்பில் சுருங்காத அளவில் அனுப்பு. நான் கோணத்தை அளந்து பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா